மறக்க வேண்டும் என்றொரு வரம்

ரேணிகுண்டாவைத் தாண்டி ஸ்ரீகாளஹஸ்தி சாலையில் போனால் ஏர்பேடு வரும். திருப்பதியில் பெருமாளைச் சேவித்த கையோடு காளஹஸ்திக்கு ஓடுகிற கூட்டம் பெரும்பாலும் அங்கே இறங்குவதில்லை. அந்தக் கூட்டத்தில் ராகு கேது பூஜைக்குப் போகிறவர்கள் நிறைய. பெண்ணுக்கு வரன் தகையவில்லை என்று போகிற பெற்றோரும் அதில் அடக்கம். கல்யாணத் தடை நீங்க வேண்டுமென்ற அவசரத்தில், கல்யாணம் ஆன ஒருத்தியின் தலை வெட்டுப்பட்ட கதையைச் சுமந்து நிற்கும் கோயிலைப் பக்கவாட்டில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஏர்பேடு மண்டலத்தின் குடிமல்லம் கிராமத்தில் இருக்கிறது அந்தக் கோயில். சுவாமி பெயர் பரசுராமேஸ்வரர். கர்ப்பகிருகம் முன்மண்டபத்தைவிடத் தாழ்வாக இருக்கும். குனிந்து எட்டிப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ ஐந்தடி உயர லிங்கம். அதன் முகப்பிலேயே சிவன் நின்றிருக்கிறார், ஒரு குள்ள யட்சனின் தோள்மேல் கால் ஊன்றி. ஒரு கையில் ஆட்டுக்கிடா, மறு கையில் சின்னக் கலயம், தோளில் மழு. கி.மு. 3ஆம் நூற்றாண்டுச் சிற்பம் என்று சொல்கிற தொல்லியலாளர்கள் உண்டு, கி.மு. 1ஆம் நூற்றாண்டு என்பவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் இன்றும் பூஜை நடக்கிற லிங்கங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று.

கலயத்தையும் மழுவையும் ஒன்றாகப் பார்க்கும்போது ரேணுகையின் நினைவு வராமல் இருக்காது. சிற்பி அந்தக் கதையை மனதில் வைத்துச் செதுக்கினான் என்று சொல்லவில்லை. அது சரித்திரம் ஆகாது. ஆனால் கதை தெரிந்தவர்களின் கண் சும்மா இருக்குமா?

ரேணுகை ஜமதக்னி முனிவரின் மனைவி. தினமும் ஆற்றுமணலில் குடம் வனைந்து, அதிலேயே தண்ணீர் மொண்டு வருவாள். அவளுடைய கற்பின் பலம் என்பார்கள். ஒருநாள் ஆற்றில் ஒரு கந்தர்வனின் நிழலையோ உருவையோ பார்த்து ஒரு கணம் மனம் சலித்தாள். குடம் உடைந்தது. முனிவர், தாயை வெட்டும்படி பிள்ளைகளுக்குக் கட்டளையிட்டார். மூத்தவர்கள் மறுத்தார்கள், சாபம் வாங்கினார்கள். கடைக்குட்டி பரசுராமன் மழுவை ஓங்கினான். மகிழ்ந்துபோன தந்தை வரம் தருகிறேன் என்றார். அம்மா பிழைக்க வேண்டும் என்று கேட்டான். இதுவரை எல்லாருக்கும் தெரியும். மகாபாரதத்தின் வனபர்வத்தில் அந்த வரத்தோடு இன்னொன்றும் சேர்ந்து வருகிறது. தான் கொல்லப்பட்டது அவளுக்கு நினைவிருக்கக் கூடாது.

அம்மாவுக்காகக் கேட்டானா, தனக்காகக் கேட்டானா என்பது வேறு விஷயம். மறுநாள் காலை ரேணுகை எழுந்து, கழுத்தில் தழும்புகூட இல்லாமல், அதே புருஷனுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போயிருப்பாள். வீடு பழையபடி நடக்கும். மகனுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. அவன் பிராயச்சித்தமாகச் சிவனைப் பூஜித்த இடம் குடிமல்லம் என்கிறது தல புராணம். வெட்டியவனின் வருத்தத்துக்கு ஒரு கோயில் எழுந்தது. வெட்டச் சொன்னவருக்கு வருத்தம் வந்ததாகத் தகவல் இல்லை. வெட்டுப்பட்டவள் என்ன நினைத்தாள் என்று புராணம் கேட்கவே இல்லை, அதுதான் மறந்துவிட்டதே!

கிராமத்து ஜனங்கள் இவ்வளவு சுலபமாக விடவில்லை. படவேட்டு ரேணுகாம்பாளாக, எல்லம்மாவாக, மாரியாத்தாவாக அவளைத் திரும்ப எழுப்பி உட்கார்த்தினார்கள். பல ஊர்களில் தலையை மட்டும் வைத்துக் கும்பிடுகிறார்கள். அவள் மறந்தாலும் நாங்கள் மறக்கவில்லை என்று சொல்கிற மாதிரி.

பாரம்பரியக் கல்யாணத்துக்குள் பெண் தன்னைத் தேடுகிற கதைகளைத் தெலுங்கில் எடுத்து அடுக்கினால், பலவற்றுக்கும் அடியில் இந்த ஒரு விஷயம் ஓடுவது தெரிகிறது. அவளை எப்படியாவது மறக்க வைப்பது. பேரை, படிப்பை, விருப்பத்தை, பட்ட அடியை. நல்ல கதைகள் அவளுக்கு அதை நினைவுபடுத்துகின்றன. நினைவுபடுத்துகிற ஆள் பெரும்பாலும் இன்னொரு பெண்ணாக இருக்கிறாள்.

கேட்பதற்கு யாருக்கு உரிமை?

ஏர்பேட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1926ஆம் ஆண்டு மலையாள சுவாமி இங்கே வியாசாசிரமத்தை நிறுவினார். குருவாயூர்ப் பக்கத்தில் பிறந்தவர். நாராயண குருவின் சீடரான சிவலிங்க சுவாமியிடம் பாடம் கேட்டவர். திருமலைக் காட்டில் நெடுங்காலம் தவம் இருந்துவிட்டுக் கீழே இறங்கியவர். பிரம்ம வித்தைக்கும் பிரணவத்துக்கும் பெண்களுக்கும் சூத்திரர்களுக்கும் அதிகாரம் இல்லை என்று சாஸ்திரம் பேசியவர்களுக்கு மறுப்பாக ‘சுஷ்க வேதாந்த தமோ பாஸ்கரம்’ என்ற நூலை எழுதினார். வறட்டு வேதாந்தத்தின் இருட்டை விரட்டும் சூரியனாம். தலைப்பிலேயே சண்டைக்கு நிற்கிறார் மனிதர்!

வேதாந்தம் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி ‘நான் யார்?’ அதைப் பெண்ணும் கேட்கலாம் என்று ஒரு சாமியார் வாதாட வேண்டியிருந்தது, அதுவும் நூறு வருஷத்துக்கு முன்னால்தான். அதுவரை அவள் யார் என்பதை மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: இன்னாரின் மகள், இன்னாரின் பெண்சாதி, இன்னாரின் தாய்.

இந்தச் சீமையில் அதற்கும் முன்னால் ஒருத்தி சண்டை போட்டிருக்கிறாள். 18ஆம் நூற்றாண்டின் தரிகொண்ட வெங்கமாம்பா. பழைய சித்தூர் ஜில்லாவில் வாயல்பாட்டை ஒட்டிய தரிகொண்டாவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே கல்யாணம், சின்ன வயதிலேயே கணவன் மரணம். முடி மழிக்க மாட்டேன், பூவும் பொட்டும் எடுக்க மாட்டேன், என் புருஷன் வேங்கடேஸ்வரன், அவன் சாகவில்லை என்றார். ஊர் சும்மா இருக்குமா? கடைசியில் திருமலைக்கு வந்து சேர்ந்தார். ‘வேங்கடாசல மகாத்மியம்’ உட்பட ஏராளமாக எழுதினார். இன்றைக்குத் திருமலையில் நாம் வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும் அன்னப்பிரசாதக் கூடத்துக்கு அவர் பெயர்தான். கூடத்தின் பெயரைப் படித்தபடி உள்ளே போகிற எத்தனை பேருக்கு, அது மொட்டை போட மறுத்த விதவையின் பெயர் என்று தெரியும்?

ஆனால் ஒன்று. வெங்கமாம்பாவுக்கு விதவைக் கோலத்திலிருந்து வெளியே வர ஒரு கடவுள் தேவைப்பட்டார். மலையாள சுவாமியிடம் வந்த பெண்களுக்கு ஓர் ஆசிரமம் தேவைப்பட்டது. வீட்டில், புருஷன் சாப்பிட்டு எழுந்த இலையை எடுத்துக்கொண்டு நிற்கிறவள் ‘நான் யார்?’ என்று எங்கே போய்க் கேட்பாள்? அந்த இடத்தில்தான் கதை உள்ளே வருகிறது.

கட்டிலுக்கு அடியில் ஒரு சிரிப்பு

தெலுங்கின் முதல் நவீனச் சிறுகதை என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் குரஜாட அப்பாராவின் ‘தித்துபாட்டு’ 1910ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கோபாலராவ் தாசியின் கச்சேரி முடிந்து நள்ளிரவு தாண்டி வீட்டுக்கு வருகிறான். மனைவி கமலினி இல்லை. கடிதம் இருக்கிறது, உங்களுக்கு இடைஞ்சலாக இருக்க விரும்பவில்லை, போகிறேன் என்கிற தோரணையில். அவன் பதறுகிறான், வேலைக்காரனைத் துரத்துகிறான், தன்னைத் தானே திட்டிக்கொள்கிறான். போதுமான அளவுக்கு உருகிய பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து சிரிப்பும் வளையல் சத்தமும் கேட்கின்றன. அவள் எங்கும் போகவில்லை!

இனிமையான கதை. ஆனால் யோசித்துப் பாருங்கள். இப்சனின் நாடகத்தில் நோரா 1879ஆம் ஆண்டிலேயே கதவைச் சாத்திவிட்டு வெளியேறிவிட்டாள். 30 ஆண்டு கழித்துத் தெலுங்கில் ஒரு மனைவி வீட்டைவிட்டுப் போவதாக எழுதும் துணிச்சல் வந்தபோது, அவளால் கட்டிலுக்கு அடிவரைதான் போக முடிந்தது. குரஜாடவைக் குறை சொல்லவில்லை. அவருக்குக் கணவனைத் திருத்த வேண்டியிருந்தது, தலைப்பே அதுதான். கமலினி அந்தத் திருத்தத்துக்கான பிரம்பு.

முதல் கதை எது என்பதிலும் வழக்கு இருக்கிறது. 1902ஆம் ஆண்டிலேயே பண்டாரு அச்சமாம்பா ‘தனத்திரயோதசி’ எழுதிவிட்டார், அதுதான் முதல் என்று பெண்ணெழுத்து ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தம்பிக்குச் சொல்லிக்கொடுத்ததைக் கூட இருந்து கேட்டுப் படித்த பெண், 30 வயதைச் சுற்றி இறந்துபோனவர். அவருடைய கதையிலும் மனைவிதான் கணவனைத் திருத்துகிறாள். திருடிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைக்கிறாள். தொடக்கத்தில் ஆண் எழுதினாலும் பெண் எழுதினாலும் மனைவிக்குக் கிடைத்த வேலை புருஷனின் மனசாட்சியாக இருப்பது. தனக்கென்று அவளுக்கு ஒன்றும் இல்லை.

வியாசாசிரமம் தொடங்கிய மறுவருஷம், 1927ஆம் ஆண்டு, சலம் என்கிற குடிபாட்டி வெங்கடசலத்தின் ‘மைதானம்’ வந்தது. பிராமண வக்கீலின் மனைவி ராஜேஸ்வரி, அமீர் என்ற முஸ்லிம் இளைஞனோடு போய்விடுகிறாள். ஊருக்கு வெளியே வெட்டவெளியில் குடித்தனம். அவளே தன் வாயால் சொல்லும் கதை. தெலுங்குச் சமூகம் கொதித்தது. புத்தகத்தை ஒளித்துவைத்துப் படித்த தலைமுறைகள் உண்டு.

சலம் இல்லாவிட்டால் பின்னால் வந்த எவரும் இல்லை. அதை ஒப்புக்கொண்டே ஒன்றைச் சொல்லலாம். ராஜேஸ்வரிக்குத் தன் உடம்பு கிடைத்தது. ஆனால் அவள் பேச்செல்லாம் அமீரைச் சுற்றியே சுழல்கிறது. அவன் இல்லாத ராஜேஸ்வரி யார் என்று நாவலுக்குத் தெரியவில்லை. ரத்தத்தில் போய் முடிகிறது. பின்னாளில் சலம் 1950ஆம் ஆண்டு திருவண்ணாமலைக்குக் குடிவந்தார். 1979ஆம் ஆண்டு அங்கேயே இறந்தார். ‘நான் யார்?’ என்பதையே உபதேசமாகச் சொன்ன ரமணரின் ஊர் அது. தெலுங்குப் பெண்ணுக்கு வீட்டு வாசலைத் திறந்துவிட்ட மனிதர் போய்ச் சேர்ந்த இடம்!

பேரைத் தேடிப் போனவள்

1960, 70களில் பத்திரிகைத் தொடர்கதைகளின் ராணி யத்தனபூடி சுலோசனா ராணி. சுயமரியாதை உள்ள கதாநாயகி, திமிர் பிடித்த பணக்கார நாயகன், இருவருக்கும் மோதல், கடைசியில் மாலை. கேலி பேசுவது சுலபம். ஆனால் லட்சக்கணக்கான வீடுகளில் மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்த பெண்களுக்கு அந்த ஒரு மணி நேரம் அவர்களுடையதாக இருந்தது. அந்தக் கதைகளுக்கு ஒரே ஒரு தடங்கல்; கல்யாணத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு என்ன ஆனது என்பதிலிருந்து தொடங்கியவர்கள் வேறு சிலர்.

அப்பூரி சாயாதேவி அதில் முக்கியமானவர். நூலகராக வேலை பார்த்தவர். மதனப்பள்ளியில் பிறந்த ஜே.கிருஷ்ணமூர்த்தியின் சிந்தனையில் ஊறியவர். ‘தன மார்கம்’ தொகுப்புக்காக 2005ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது வாங்கியவர். அவருடைய ‘போன்சாய் பிரதுகு’ கதையில் அக்கா, தங்கையின் பட்டணத்து வீட்டுக்கு வருகிறாள். அக்கா கிராமம், படிக்க வைக்கப்படாதவள். தங்கை படித்தவள், உத்தியோகஸ்தி. தொட்டியில் தான் பெருமையாக வளர்க்கும் குட்டை மரங்களை அக்காவுக்குக் காட்டுகிறாள். புயல் வருகிறது. தொட்டி மரங்களைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டியிருக்கிறது. வெளியே தெருவில் நிற்கும் பெரிய மரத்தடியில் ஜனங்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். எது எதைக் காப்பாற்றுகிறது, எதற்குக் காப்பு தேவைப்படுகிறது என்று கவனித்துச் சொல்வது அக்கா. பெண்ணை வளர்க்கிற முறையும் இப்படித்தானே என்கிறாள். எனக்குப் பிடித்த இடம் இதுதான். படிப்பு கண்ணைத் திறக்கும் என்கிற வழக்கமான பாடத்தைச் சாயாதேவி திருப்பிப் போடுகிறார். படித்த தங்கை மரத்தின் அழகைப் பார்த்தாள். படிக்காத அக்கா தொட்டியைப் பார்த்தாள்.

அவருடைய ‘சுகாந்தம்’ என்ற இன்னொரு கதையில் ஒருத்தி வாழ்க்கை முழுக்க ஏங்குவது ஒரு முழுத் தூக்கத்துக்கு. அவ்வளவுதான். புரட்சியும் வேண்டாம், காதலும் வேண்டாம், யாரும் எழுப்பாத தூக்கம் வேண்டும். இதைப் படித்துவிட்டு ‘இதெல்லாம் ஒரு பிரச்சினையா?’ என்று கேட்கிற ஆண்களைத் தாராளமாகப் பார்க்கலாம்.

பி.சத்தியவதியின் ‘இல்லலககானே’ இந்த வரிசையிலேயே எளிமையானது, என்னைக் கேட்டால் வலிமையானதும் அதுதான். படித்த, கலகலப்பான பெண் ஒருத்திக்குக் கல்யாணம் ஆகிறது. வழுவழுப்பான தரை போட்ட வீடு அமைகிறது. துடைக்கிறாள், மெழுகுகிறாள், கோலம் போடுகிறாள். வீடு பளபளக்கிறது, பாராட்டு குவிகிறது. வருஷங்கள் ஓடுகின்றன. ஒருநாள் துடைத்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று ஒரு சந்தேகம்: என் பேர் என்ன? வரவே இல்லை. பிள்ளைகளைக் கேட்கிறாள், அவர்களுக்கு அவள் அம்மா. வேலைக்காரிக்கும் அம்மாதான். அக்கம்பக்கத்தில் வீட்டு அடையாளம்தான் தெரியும். கணவனுக்கு இதெல்லாம் ஒரு கவலையா என்று சிரிப்பு வருகிறது. பிறந்த வீட்டுக்குப் போகிறாள். கடைசியில் பழைய பள்ளித்தோழி ஒருத்தி எதிர்ப்பட்டு, வாய் நிறைய ‘சாரதா!’ என்று கூப்பிடுகிறாள். வகுப்பில் நீ எப்படி இருந்தாய், என்னவெல்லாம் செய்தாய் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறாள். செத்துக் கிடந்தவளுக்கு உயிர் வந்த மாதிரி ஆகிறது.

பிறகு அவள் என்ன செய்கிறாள் என்பது முக்கியம். வீட்டுக்கே திரும்பி வருகிறாள். அதே வீடு, அதே புருஷன், அதே தரை. இனிமேல் என்னைச் சாரதா என்று கூப்பிடுங்கள் என்கிறாள். அவ்வளவுதான் கதை.

நோராவைவிட இது சின்ன விஷயம் என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெலுங்கு வீடுகளில் கணவன் மனைவியை ‘ஏமே’, ‘ஏமோய்’ என்பான். மனைவி ‘ஏமண்டி’ என்பாள். நம் வீடுகளில் ‘ஏங்க’, ‘இந்தாம்மா’. பேர் இருவருக்குமே மறைகிறது என்று வாதாடலாம். ஆனால் அவன் பேர் வாசல் பலகையில் இருக்கிறது, ஆபீசில் இருக்கிறது, அவள் பேருக்குப் பக்கத்திலும் போய் ஒட்டிக்கொள்கிறது. தெலுங்கர்களுக்கு இண்டிபேரு, அதாவது குடும்பப்பேர், முன்னால் நிற்கும். கல்யாணமானதும் பெண்ணுக்கு அது மாறிவிடும். சாயாதேவிக்கேகூட ‘அப்பூரி’ புகுந்த வீட்டின் பேர்தான். நமக்கு அப்பாவின் இனிஷியல் போய்ப் புருஷனின் இனிஷியல் வரும். ஏர்பேட்டு ஐ.ஐ.டி.யில் படித்து முடித்துப் போகிற பெண்ணுக்கும் பாஸ்போர்ட் எடுக்கும் நாளில் இந்தக் கேள்வி வந்தே தீரும்.

சத்தியவதி பற்றித் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. நாமக்கல் பக்கத்து ஏ.ரேவதியின் திருநங்கை வாழ்க்கை வரலாற்றைத் தெலுங்குக்குக் கொண்டுபோனவர் அவர்தான். அதற்கு 2019ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசும் கிடைத்தது. பேரை மறந்த சாரதாவை எழுதியவர், தனக்குத் தானே பேர் வைத்துக்கொண்ட ரேவதியைத் தேடிப் போனதில் ஆச்சரியமில்லை.

மணல்குடம்

இப்போது ரேணுகைக்குத் திரும்பலாம். ஓல்கா என்ற பேரில் எழுதும் பி.லலிதகுமாரி தெனாலியில் தெலுங்கு கற்பித்தவர். ஹைதராபாத் ‘அஸ்மிதா’ மகளிர் அமைப்பில் பல ஆண்டு இயங்கியவர். 1987ஆம் ஆண்டு ‘ஸ்வேச்ச’ நாவலில் அருணா என்ற பெண்ணை எழுதினார். அப்பா வீட்டில் இல்லாத சுதந்திரம் கல்யாணத்தில் கிடைக்கும் என்று நம்பிக் காதலித்தவனையே மணக்கிறாள். கிடைக்கவில்லை. காதல் கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு விழுந்த முதல் பலமான அடி அது.

பிறகு வந்தது ‘விமுக்தா’. ராமாயணத்தை வேறு கண்ணால் பார்க்கும் ஐந்து கதைகள், 2015ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது. ராமாயணத்தைத் தெலுங்கில் ஏற்கெனவே ரங்கநாயகம்மா 70களில் ‘ராமாயண விஷவிருட்சம்’ எழுதி உலுக்கியிருந்தார். அது மார்க்சியக் கோடரி. ஓல்கா கோடரி எடுக்கவில்லை. சீதையைக் கூட்டிப்போய் நாலு பெண்களின் பக்கத்தில் உட்கார வைக்கிறார்.

முதலில் சூர்ப்பணகை. மூக்கறுபட்டவள் வனத்தில் ஓர் அழகான தோட்டத்தை உண்டாக்கி வைத்திருக்கிறாள். அழகு என்பதை முகத்திலிருந்து கைகளுக்கு மாற்றிக்கொண்டுவிட்டாள். அவளுக்குத் துணையாக ஓர் ஆணும் இருக்கிறான். அடுத்து அகலிகை. வந்தது இந்திரன் என்று உனக்குத் தெரியுமா தெரியாதா என்று உலகமே கேட்ட கேள்வியை அவள் திருப்பி விடுகிறாள். விசாரணை என்ற ஒன்று ஏன் நடக்க வேண்டும் என்பது அவள் கேள்வி. சீதைக்கு அப்போது அது முழுதாகப் புரியவில்லை. அக்கினி மூட்டப்பட்ட பிறகு புரிகிறது. 14 வருஷம் அரண்மனையில் தனியாக விடப்பட்ட ஊர்மிளை, அந்தத் தனிமையைத் தவமாக மாற்றித் தன்னைத்தானே ஆராய்ந்தவள்.

நடுவில் ரேணுகை. வனத்தில் மணலால் குடங்களும் சிற்பங்களும் செய்துகொண்டிருக்கிறாள். வெட்டுப்பட்டது அவளுக்கு நினைவிருக்கிறது! புராணம் கொடுத்த மறதியை ஓல்கா பிடுங்கிவிட்டார். கற்பு என்று உலகம் சொல்வது மணல்குடம் போல, ஒரு பார்வையில் உடையக்கூடிய ஒன்று. அதைக் காப்பாற்றுவதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டவள் கதி என்ன என்று சீதையிடம் பேசுகிறாள். கணவன், பிள்ளை என்ற உலகத்துக்கு வெளியே உனக்கென்று ஓர் உலகம் உண்டா என்று யோசிக்கச் சொல்கிறாள். சீதைக்குக் கோபம் வருகிறது. ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. எந்த நல்ல மருமகளுக்கும் முதலில் கோபம்தான் வரும்.

தமிழில் புதுமைப்பித்தன் 1943ஆம் ஆண்டு ‘சாப விமோசன’த்தில் சீதையையும் அகலிகையையும் சந்திக்க வைத்திருக்கிறார். ராமன் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டதும் அகலிகைக்குள் எல்லாம் இடிந்துபோய், மறுபடியும் கல்லாகிறாள். நம் மொழியின் உச்சங்களில் ஒன்று அந்த முடிவு. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரு வித்தியாசம் உறைக்கும். புதுமைப்பித்தனின் அகலிகை செய்தி கேட்டுக் கல்லானாள். ஓல்காவின் அகலிகை சீதையோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறாள். மேதை ஆண் எழுத்தாளனுக்குப் பெண்ணின் துயரம் முழுசாகத் தெரிந்திருக்கிறது. அந்தத் துயரத்துக்கு அப்புறமும் இரண்டு பெண்களுக்குப் பேச ஏகப்பட்டது இருக்கும் என்பது பெண் எழுதும்போதுதான் வருகிறது. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யிலும் சாகக் கிடக்கும் மாமியாரின் காதில் மருமகள்தான் பேசுகிறாள்.

ஐந்தாவது கதை ராமனுடையது. அவனும் கட்டுண்டவன் என்கிறார் ஓல்கா. ராஜ்யமும் ஆரிய தர்மமும் பூட்டிய விலங்கு. சீதை இல்லாமல் அவனும் தன்னைத் தேடுகிறவனாகத்தான் நிற்கிறான். பெண்ணியக் கதை என்றால் ஆணைக் கூண்டில் ஏற்றுவது என்று நினைத்துப் புத்தகத்தைத் திறக்கிறவர்கள் இந்த இடத்தில் ஏமாந்துபோவார்கள்.

யாருடைய தரை?

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கதைகளில் வரும் வீடுகள் பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்து, மேல்சாதி வீடுகள். சாரதாவை ‘அம்மா’ என்று கூப்பிட்ட அந்த வேலைக்காரியின் பேர் என்ன? அவள் வீட்டில் அவளை யார் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? வயல்வேலைக்குப் போய்க் கூலி வாங்கி வந்து புருஷனிடம் அடியும் வாங்குகிறவளுக்கு அடையாளச் சிக்கல் பேரிலிருந்தா தொடங்கும்? தெலுங்கில் கோகு சியாமளாவின் கதைகளும், தமிழில் 1994ஆம் ஆண்டு வந்த பாமாவின் ‘சங்கதி’யும் இந்த இடத்தில் வேறு தடத்தில் போகின்றன. அந்தப் பெண்களின் வாய் மூடியே இருந்ததில்லை. தெருவில் நின்று கத்துகிறார்கள், கெட்ட வார்த்தையில் திட்டுகிறார்கள், சிரிக்கிறார்கள். மறக்க வைக்கப்பட்டவள் நினைவுக்குத் திரும்பும் கதை அவர்களுக்குப் பொருந்தாது. அவர்களுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

‘விமுக்தா’ தமிழில் ‘மீட்சி’ என்ற பேரில் வந்திருக்கிறது. மொழிபெயர்த்தவர் கௌரி கிருபானந்தன். யத்தனபூடியின் நாவல்களையும் தமிழுக்குத் தந்தவர் அவரே. ‘மீட்சி’க்காகச் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசும் அவருக்குக் கிடைத்தது. சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் படித்துவிடலாம். அடுத்த முறை கல்யாண வீட்டுக்குப் போகும்போது மொய்க் கவரோடு ஒரு பிரதியை வையுங்கள். பெண்ணிடம் கொடுக்க வேண்டாம், மாப்பிள்ளையிடம் கொடுங்கள். அவர் கடைசிக் கதையிலிருந்து தொடங்கினாலும் சரிதான்.